உளுந்து கடிக்கிற பல்லும் சின்னவேடம்பட்டித் திருகும்

இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதெல்லாம் சரக்கு பார்க்கப் போன ஊர்களைப் பற்றித்தான். விருதுநகர், தூத்துக்குடி, ஒருமுறை வடக்கே லாத்தூர் வரைக்கும். இந்தத் தடவை போனது என் சொந்தப் பல்லுக்காக. பல் போன இடத்தில் திருகு வைத்துப் புதுப்பல் கட்டலாமா என்று யோசிக்கிறவர்கள், அந்தத் திருகு எங்கே உருவாகிறது என்று ஒருநடை போய்ப் பார்க்க நினைத்தால், இதைப் படித்துவிட்டுக் கிளம்பலாம். பஸ் நேரம், செலவு, தூரம் எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறேன். கம்பெனியின் பெயரை மட்டும் எழுதவில்லை. எழுதினால், விளம்பரத்துக்குக் காசு வாங்கிவிட்டான் என்று நீங்களே சொல்வீர்கள்.

எனக்குச் சங்கரன்கோவிலில் பயறு மண்டி. உளுந்து, பாசி, தட்டாம்பயறு, கொஞ்சம் மக்காச்சோளம். பனவடலிசத்திரத்திலிருந்து சைக்கிள் கேரியரில் ஒற்றை மூடையை வைத்து மிதித்து வந்து ஆரம்பித்த தொழில். எங்கள் தொழிலில் சரக்கு வந்ததும் செய்கிற முதல் காரியம், மூடைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து நாலு மணி எடுத்து, ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடிப்பது. காய்ந்த உளுந்து டக்கென்று இரண்டாக உடையும். ஈரம் இருந்தால் உடைவதற்கு முன்னால் கொஞ்சம் அமுங்கும். கண் சிமிட்டுகிற நேரம்தான். ஆனால் விலை முழுக்க அந்த நேரத்துக்குள்தான் இருக்கிறது. ஈரம் பார்க்க மிஷின் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. நான் வாங்கவில்லை. 'அண்ணாச்சி கடிச்சுச் சொன்னா சரிதான்' என்று சுற்றுப்பட்டு ஊர்களில் பேர் இருக்கும்போது மிஷின் எதற்கு?

போன தை மாதம், அந்தக் கடிக்கிற பல்லே விரிசல் விட்டுவிட்டது. உளுந்துக்குள் கிடந்த கல். இடது பக்கம், கீழ்க் கடைவாய். வலது பக்கப் பற்களை நாற்பது வயதிலேயே வெற்றிலைக்கும் என் அலட்சியத்துக்கும் கொடுத்தாயிற்று. இருந்தது இது ஒன்றுதான். வலி பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மறுவாரம் இளையரசனேந்தல் கருப்பசாமி உளுந்து கொண்டுவந்தார். பல்லுக்குப் பயந்து முன்பல்லால் கடித்தேன். அமுங்கின மாதிரி இருந்தது. 'ஈரம் இருக்குவே, இன்னும் ரெண்டு நாள் காயப்போட்டுக் கொண்டாரும்' என்றேன். அவர் என் வாயையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மூடைகளைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றி, நாலு கடை தள்ளி இருக்கிற மண்டிக்குப் போனார். அங்கே மிஷின் வைத்துப் பார்த்து, அருமையான காய்ச்சல், ஈரமே இல்லை என்று அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பல் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்து, வேர்வரை விரிசல், எடுத்தே ஆகவேண்டும், எடுத்துவிட்டு டைட்டானியம் திருகு வைக்கலாம் என்றார்.

"அதுல உளுந்து கடிக்கலாமா டாக்டர்?"

"தாராளமா கடிக்கலாம். நல்லி எலும்பே கடிக்கலாம்."

"கடிக்கலாமான்னு கேக்கல. கடிச்சா தெரியுமான்னு கேக்கேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "இதை யாரும் என்கிட்ட கேட்டதில்ல. செய்யிறவங்ககிட்டயே கேட்டுருங்களேன்" என்று சொல்லி, தான் வாங்குகிற கோயம்புத்தூர் கம்பெனிக்கு என் முன்னாலேயே போன் போட்டு, நான் உளுந்து கடித்து ஈரம் பார்க்கிற கதையைச் சொன்னார். மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வரச் சொன்னார்கள். பல் எடுக்கத் திங்கட்கிழமை குறித்தாயிற்று. நடுவில் இருப்பது இந்தப் பயணம்தான். தெரியும் என்றால் திருகு, தெரியாது என்றால் பல்லை வலியோடு அப்படியே வைத்துக்கொள்வது. இதுதான் என் கணக்கு.

வியாழக்கிழமை அதிகாலை 4.50க்கு நானும் வீட்டுக்காரி எஸ்தரும் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். ராஜபாளையம் 33 கிலோமீட்டர், ஆளுக்கு 30 ரூபாய், ஐம்பது நிமிஷம். கண்டக்டர் தெரிந்தவர். "ரெண்டு பேருமா எங்கன கெளம்பிட்டீய அண்ணாச்சி, கல்யாணமா?" என்றார்.

"பல்லுக்கு" என்றேன்.

"பல்லுக்குக் கோயம்புத்தூர் போறாக" என்று எஸ்தர் தெளிவாக்கினாள். "எனக்குப் பல்லு வலிச்சப்ப பஜாருக்குள்ள இருக்க டாக்டருட்ட கூட்டிட்டுப் போக நேரமில்ல. கிராம்பு வாங்கிக் குடுத்தாக."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

கரிவலம்வந்தநல்லூர் தாண்டும்போது இன்னும் இருட்டுதான். கோபுரத்தின் மேல்நுனியில் மட்டும் ஒரு வெளுப்பு. ரோட்டின் இருபக்கமும் வயலில் மூடுபனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. மேலே மரங்கள் தெரிகின்றன, அடிமரம் தெரியவில்லை. எல்லாமே வேரில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. நாக்கால் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். விரிசல் நாக்கில் ஒரு நூல் மாதிரி தட்டுப்பட்டது. எனக்கு அம்பத்தேழு வயது ஆவதற்குள் இந்தப் பல் எத்தனை ஊர் உளுந்தைக் கடித்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன். கரிசல் உளுந்துக்கு ஒரு வாசம், செம்மண் உளுந்துக்கு ஒரு வாசம். மழையில் நனைந்து காய்ந்ததைப் பல்லில் வைத்தாலே தெரிந்துவிடும். அவ்வளவும் ஒரு பல்லுக்குள் எங்கே இருந்தது?

ராஜபாளையத்தில் 6.10க்குத் தென்காசியிலிருந்து வருகிற கோவை பஸ். ஆளுக்கு 255 ரூபாய். மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் வழி. மதுரையில் இருபது நிமிஷம் நிற்கும், காலைச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொள்ளுங்கள். ஒட்டன்சத்திரம் தாண்டி நிறுத்துகிற மோட்டலில் டீ மட்டும் குடித்தால் போதும். வலப்பக்கம் ஜன்னல் சீட்டில் உட்காராதீர்கள், காலை வெயில் முகத்திலேயே அடிக்கும்.

தாராபுரத்துக்கு அப்புறம் காற்றாலைகள். எங்கள் பக்கமும் நிறைய உண்டு, ஆனால் இங்கே பார்த்தது வேறு. வெள்ளை இறக்கைகள் சத்தமே இல்லாமல் சுற்றுகின்றன, சில நிற்கின்றன. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு காற்றாடியும் தரையில் முறுக்கி இறக்கின திருகு மாதிரித் தெரிந்தது. பூமிக்கு யாரோ பல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எஸ்தர் இடித்து எழுப்பினபோது பல்லடம் வந்திருந்தது. "வாயைத் தொறந்துகிட்டே தூங்குதீய. ஈ போயிரும்" என்றாள்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி 1.25. மொத்தம் 325 கிலோமீட்டர் இருக்கும். காந்திபுரத்தில் லாட்ஜ், டபுள் ரூம் 1,300 ரூபாய், வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும்தான். ஒரு நாள் முன்னாலேயே போய்விடுவது நல்லது. எட்டரை மணி நேரம் பஸ்ஸில் வந்த களைப்போடு போனால் கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோகும்.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டோ. காந்திபுரத்திலிருந்து சின்னவேடம்பட்டி 8 கிலோமீட்டர், 240 கேட்டார், 200க்கு முடிந்தது. கணபதி தாண்டினதும் ரோட்டின் இருபக்கமும் லேத் பட்டறைகள். ஷட்டர் திறந்த ஒவ்வொரு வாசலிலும் சுருள்சுருளாக இரும்புத் துருவல் குவிந்து வெயிலில் மின்னியது.

"ஏனுங்க, பல்லு செய்யற கம்பெனிங்களா?" என்றார் ஆட்டோக்காரர். "அங்க மொதல்ல நூல் மில்லுக்கு ஸ்பிண்டில்தானுங்க போட்டுட்டிருந்தாங்க. எங்கப்பாருகூட அங்க வேலை பாத்தவருதான். பல்லுக்கு மாறுனப்ப ஊரே சிரிச்சுதுங்க. பொக்கவாய் கம்பெனின்னு பேரு வெச்சாங்க."

"இப்ப?"

"இப்ப எங்கப்பாரு வாயில ரெண்டு இருக்குதுங்க."

கம்பெனி என்றதும் பெரிய கட்டடத்தை எதிர்பார்த்தேன். இரண்டு மாடி, வெளியே ஒரு வேப்பமரம். வாசலிலேயே நிறுவனர் நாச்சிமுத்து நின்றிருந்தார். அறுபத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, விரல் நுனிகளில் லேத் வேலை செய்தவர்களுக்கு இருக்கிற அந்தச் சின்னச் சின்னத் தழும்புகள். அவருடன் தரம் பார்க்கிற பிரிவின் தலைவி கீர்த்தனா. செருப்பைக் கழற்றி, காலுக்கு ஒரு நீல உறை, தலைக்கு ஒரு தொப்பி. எஸ்தர் தொப்பியோடு என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு கண்ணாடி ஜாடி. ஊறுகாய் போடுகிற அளவு. நிறைய சாம்பல் நிறத் திருகுகள். மண்டியில் மாதிரிச் சரக்கை வாசலில் வைப்பதுபோலத் தங்கள் சரக்கை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நாச்சிமுத்து அதைத் தாண்டி எங்களை உள்ளே கூட்டிப்போனார்.

கம்பெனியின் கதையை அவர் நடந்துகொண்டே சொன்னார். நூல் மில்லுக்கு ஸ்பிண்டில் கடைந்த காலத்தில், ஒரு பல் டாக்டர் உடைந்த வெளிநாட்டுத் திருப்புளி ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாராம். விரல் நீளம்தான். வெளிநாட்டிலிருந்து வேறு வர நாலு மாதம் ஆகும், நோயாளி வாயைத் திறந்துகொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்? நாச்சிமுத்து இரண்டு நாளில் கடைந்து கொடுத்தார். "அதுதானுங்க எங்க மொத சரக்கு. திருகு இல்ல, திருப்புளி" என்றார். அந்த டாக்டர்தான் பிறகு, திருப்புளி செய்கிறவன் திருகு செய்யக்கூடாதா என்று கேட்டிருக்கிறார்.

டைட்டானியம் எலும்போடு ஒட்டும் என்பது தற்செயலாகத் தெரிந்த சங்கதி. வெளிநாட்டில் ஒரு ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க, முயலின் காலில் இந்த உலோகத்தில் செய்த சின்னக் கருவியை வைத்தாராம். வேலை முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொண்டுவிட்டது. வேற்றாளை எலும்பு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அவசரப்படுத்தக்கூடாது, மூன்று மாதம் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும்.

முதலில் வழவழப்பாகக் கடைந்தார்களாம். ஸ்பிண்டில் செய்த கை, வழவழப்புதான் அழகு என்று பழகிய கை. எலும்பு சீக்கிரம் பிடிக்கவில்லை. சொரசொரப்பாக இருந்தால்தான் எலும்புக்குப் பிடிமானம் என்று பிறகு புரிந்து, நுண்ணிய மணலை வேகமாக அடித்து, அப்புறம் அமிலத்தில் முக்கி எடுக்கிறார்கள். கீர்த்தனா அதைப் பெருக்கிக் காட்டுகிற திரையில் காட்டினாள். கண்ணுக்குச் சாம்பல் நிறமாக இருந்த திருகு, திரையில் மலையும் பள்ளமுமாக, ஆள் நடமாட்டமில்லாத ஒரு பிரதேசமாக விரிந்தது. மழை பெய்யாத வருஷத்தில் குருவிகுளம் பக்கம் கரிசல் வெடித்துக் கிடக்குமே, அதே மாதிரி. அந்த வெடிப்புகளுக்குள் எலும்பு வளர்ந்து இறங்குமாம். அந்தத் திரை முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எஸ்தர் முழங்கையைத் தொட்டாள்.

அடுத்த அறைதான் இந்தப் பயணத்தில் நான் மறக்கமாட்டாத இடம். ஒரு தொட்டியில் நிறமில்லாத திரவம். கம்பியில் கோத்த திருகுத் தலைகளை இறக்கி மின்சாரம் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான், சாயம் எதுவும் கிடையாது. வோல்டேஜை ஏற்ற ஏற்ற, சாம்பல் பழுப்பாகிறது, பழுப்பு ஊதாவாகிறது, ஊதா நீலமாகிறது, நீலம் வெளிறி மஞ்சளாகி, மஞ்சளுக்குள்ளிருந்து ரோஸ் நிறம் எழும்பி வருகிறது. மழைத்தண்ணீரில் சிந்தின எண்ணெய் நிறம் காட்டுவது போல, மேலே படிகிற மெல்லிய படலத்தின் கனம்தான் நிறமாகத் தெரிகிறதாம். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம். "மங்கின வெளிச்சத்துல வேலை செய்யற டாக்டர்க இருக்காங்க. எழுத்து தெரியாது, நிறம் தெரியும்" என்றார் நாச்சிமுத்து. எல்லா கம்பெனியும் இதைச் செய்கிறது, தாங்கள் செய்த புதுமை பெட்டிமூடி, திருப்புளி, திருகு மூன்றுக்கும் ஒரே நிறம் வைத்தது மட்டும்தான் என்றும் சொன்னார். அப்புறம் எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்கென்று ஒரு குட்டைத் திருகு. இந்த இரண்டைத் தவிர எதையும் அவர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவில்லை. நான் வியாபாரி, ஒரு ஆள் எத்தனை சேர்த்துச் சொல்கிறான் என்று கணக்குப் பண்ணுவது பழக்கம். இவர் குறைத்துச் சொல்கிறார்.

அந்த நிறங்களையே நினைத்துக்கொண்டு அடுத்த மேஜைக்கு வந்தேனா, அங்கே ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் கழித்துப்போட்ட திருகுகள் குவியலாகக் கிடந்தன. சாம்பல் நிறம், உளுந்தைவிடக் கொஞ்சம் நீளம். நான் என்ன செய்தேன் என்று எனக்கே பிறகுதான் தெரியும். குவியலுக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்து, இடது கடைவாயில் வைத்துக் கடித்துவிட்டேன்.

வலி தொட்டித் திரவத்தில் நிறம் ஏறுவதுபோல ஏறியது. ஊதா, நீலம், மஞ்சள். கண்ணைத் திறந்தபோது எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீர்த்தனா இரண்டு கையையும் நீட்டி, குழந்தை வாயிலிருந்து காசை வாங்குகிற மாதிரி நின்றாள்.

"சார், அதைத் துப்பிருங்க சார்."

துப்பினேன். நாச்சிமுத்து குனிந்து அதைப் பார்த்துவிட்டு, "ஈரம் எப்படிங்க?" என்றார்.

எஸ்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மன்னிச்சிருங்கய்யா. வீட்ல தங்கம் வாங்குனாலும் இப்படித்தான் கடிச்சுப் பாக்காக" என்றாள்.

அவருடைய அறையில் உட்காரவைத்து, ஆறின டீ கொடுத்தார்கள். நான் நேராகக் கேட்டேன். இதில் கடித்தால் எனக்கு ஈரம் தெரியுமா, தெரியாதா?

அவர் சுற்றிவளைக்கவில்லை. "உங்க பல்லு எலும்புல நேரா நிக்கலீங்க. சுத்தி ஒரு மெல்லிசு ஜவ்வு இருக்குது. அந்த ஜவ்வுதான் தூளி மாதிரி பல்லைத் தாங்கிட்டிருக்குது. அமுங்கறது, உடையறதுன்னு நீங்க சொல்றதெல்லாம் அதுக்குத்தான் தெரியும். பல்லை எடுத்தா அதுவும் போயிருமுங்க. எங்க திருகு எலும்போட நேரா ஒட்டிக்கும், நடுவுல ஒண்ணும் கிடையாது. அந்த ஜவ்வை எங்களால செய்ய முடியலீங்க. நானும் ரொம்ப நாளாப் பாத்துட்டேன்."

இதற்காகவா 325 கிலோமீட்டர்.

"ஆனா ஒண்ணுங்க" என்றார். "என்ற வாயில வலது பக்கம் ரெண்டும் எங்க திருகுதான். நீங்க உளுந்து கொண்டாந்திருக்கீங்களா?"

கொண்டுபோயிருந்தேன். எந்த வியாபாரிதான் மாதிரி இல்லாமல் போவான்? இரண்டு பொட்டலம், ஒன்று காய்ந்தது, ஒன்று லேசான ஈரம். எஸ்தர் மேஜைக்கு அடியில் வைத்துக் கலந்துகலந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். முதல் மணி, காய்ச்சல் என்றார், தப்பு. இரண்டாவதும் தப்பு. மூன்றாவதைக் கடித்துவிட்டுக் கண்ணைத் திறக்காமலே இருந்தார். மாடியில் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் தூரத்து மழை மாதிரி கேட்டது.

"ஈரம்" என்றார். சரி. நாலாவது சரி. ஐந்தாவது தப்பு. ஆறாவது சரி.

"அமுங்கறது தெரியலீங்க. ஆனா உடையற சத்தம் எலும்பு வழியா காதுக்குள்ள வருது. காஞ்சது மேல கேக்குது, ஈரம் கீழ கேக்குது. பழகுனா வருமோ என்னமோ. உங்க பல்லு மாதிரி வராதுங்க. விக்கறவனே சொல்றேன், அது மாதிரி வரவே வராது."

தன் சரக்கின் குறையை முதலில் சொல்கிறவனிடம் நான் விலை பேசியதில்லை. அப்படியே எடுத்துக்கொள்வேன். திங்கட்கிழமை என்ன செய்யப்போகிறேன் என்பது அந்த அறையிலேயே முடிவாகிவிட்டது.

கிளம்பும்போது ஜாடியைப் பற்றிக் கேட்டேன். ஆரம்பத்தில் ஒருமுறை ஆர்டர் அவசரம் என்று, கடையும்போது ஒட்டுகிற எண்ணெயைக் கழுவுகிற நேரத்தைக் குறைத்தார்களாம். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய். பதினோரு பேர் வாயில் திருகு ஆடியது. கழற்றி எடுத்ததும், மிச்சமிருந்ததும்தான் ஜாடியில் இருப்பது. "பதினோரு பேரு ஊட்டுக்கும் போனேனுங்க. டாக்டர் மேல தப்பில்ல, உங்க எலும்பு மேல தப்பில்ல, என்ற மேலதான்னு சொன்னேன். ஒரம்மா கதவைச் சாத்திருச்சு. ஒருத்தரு சோறு போட்டாரு" என்றார். அதற்கப்புறம் வேலைக்கு வருகிற எவரும் தினமும் அந்த ஜாடியைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் காற்றாலைகள் எதிர்த்திசையில் வந்தன. எஸ்தர் என்னைப் பார்த்து, "என்ன யோசிக்கிய?" என்றாள்.

"இளையரசனேந்தலுக்கு ஒரு நடை போணும்."

"அதுக்குத்தான் கோயம்புத்தூர் வரைக்கும் வந்தீயளாக்கும்" என்றாள்.

திங்கட்கிழமை பல்லை எடுத்தாயிற்று. சர்க்கரை இல்லை, எலும்பு நன்றாக இருக்கிறது என்று அன்றைக்கே திருகையும் வைத்துவிட்டார்கள். மேலே தையல். வியாழக்கிழமை, வீங்கின கன்னத்தோடு, புதிதாக வாங்கின ஈரம் பார்க்கிற மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு டூவீலரில் இளையரசனேந்தல் போனேன். 27 கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். கருப்பசாமி தொழுவில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த உளுந்துல விதைக்கு வச்சிருப்பீரே, கொஞ்சம் எடும்" என்றேன்.

பானையிலிருந்து ஒரு கை எடுத்துவந்தார். மிஷினில் போட்டேன். பத்து புள்ளி ரெண்டு சதவீதம், நல்ல காய்ச்சல். அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"நான் சொன்னது தப்பு, கருப்பசாமி. சரக்கு மேல தப்பில்ல. பல்லு விரிஞ்சிருந்துது. அதை மறைச்சுக்கிட்டு ஒம்ம உளுந்தை ஈரம்னு சொல்லிட்டேன்."

அவர் மிஷினைப் பார்க்கவில்லை. கையிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தார். டக் என்றது எனக்கே கேட்டது.

"பத்துதான். இதுக்கு மிசினு வேற" என்றார். அப்புறம் என் கன்னத்தைப் பார்த்து, "பல்லு போன பொறவுதான் அண்ணாச்சி வாயில உண்மை வருது" என்றார்.

சிரித்தால் தையல் பிய்ந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கஷ்டப்பட்டு அடக்கினேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: கம்பெனிக்குச் சொல்லாமல் போகாதீர்கள், உங்கள் டாக்டர் மூலமாக நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். தட்டில் இருப்பது எதையும் வாயில் போடாதீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் போக வர, தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து 3,950 ரூபாய் ஆயிற்று. எந்தக் கம்பெனித் திருகு வைத்தாலும் அதன் பெட்டியில் அளவும் லாட் நம்பரும் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டர் திறக்கவேண்டி வந்தால் அதுதான் சாவி. சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுப் போங்கள். புகையிலையும் வெற்றிலையும் கூடாது, இதைச் சொல்வதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது. ஒரே நாளில் பல் என்று போர்டு போட்டிருந்தால், என் எலும்புக்கு அது சரிவருமா என்று இரண்டுமுறை கேளுங்கள். சிலருக்குச் சரிவரும். எனக்குச் சரிவராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஆகவே காத்திருக்கிறேன். முப்பது வருஷமாக ஊரிலுள்ளவர்களையெல்லாம் 'இன்னும் ரெண்டு நாள் காயட்டும்' என்று திருப்பி அனுப்பினவன், இன்றோடு பதினோரு வாரம் என் எலும்பு பிடிப்பதற்காக உட்கார்ந்திருக்கிறேன். சில மத்தியானங்களில் மண்டியில் ஆள் இல்லாதபோது, ஈறுக்கு அடியில் அந்தக் கரிசல் வெடிப்புகளுக்குள் என் எலும்பு மெள்ள இறங்குவதைக் கேட்க முடிகிற மாதிரி இருக்கிறது. மிஷின் மேஜைமேல், கொண்டுவருகிறவர் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. அதில் போடுவதற்கு முன்னால் அவரையே ஒரு மணி கடித்துச் சொல்லச் சொல்கிறேன். இதுவரைக்கும் யாரும் பொய் சொல்லவில்லை.

அடுத்த வாரம் திருகின் மேல் பல்லை மாட்டுகிறார்கள். மிஷினோடு போன அன்றைக்கு இளையரசனேந்தலிலிருந்து கிளம்பும்போது கருப்பசாமி அந்த விதை உளுந்தில் நாலு மணியைக் காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "புதுப்பல்லு மாட்டுனதும் மொதல்ல இதைக் கடிங்க. சத்தம் கேட்டா எனக்கு ஒரு போன் போடுங்க" என்றார். கேட்காவிட்டால் என்ன செய்ய என்று நான் கேட்கவில்லை. பொட்டலம் டிராயரில் இருக்கிறது. ஈரம் ஏறிவிடக்கூடாதே என்று தினமும் ஒருதரம் வெயிலில் காட்டி எடுத்து வைக்கிறேன்.